படத்தில் சிவப்பு, தரையில் பச்சை

நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸ் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே, ஓர் எவர்சில்வர் பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. வருடம் 2006. கீழே குக்கருக்கும் குடத்துக்கும் பேரம் நடந்துகொண்டிருக்க, மேலே நாங்கள் ஏழு பேர் செயற்கைக்கோள் படங்களைத் திரையில் பெரிதாக்கி வைத்துக் கோடு வரைந்துகொண்டிருப்போம். ஏரிக்கரை, வாய்க்கால், வயல், குடியிருப்பு, தரிசு என்று ஒவ்வொன்றின் எல்லையையும் மவுஸால் புள்ளி புள்ளியாகச் சுற்றி வந்து மூடவேண்டும். மூடியதும் அது இன்னதென்று பக்கத்துக் கட்டத்தில் எழுதவேண்டும். அதுதான் என் வேலை.

வேலை கொடுத்தவர்கள் பல ரகம். தென்சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளின் கணக்கு ஓர் அரசு அலுவலகத்துக்கு வேண்டியிருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் எத்தனை ஏக்கரில் நெல் நிற்கிறது என்று ஒரு விதைக் கம்பெனிக்குத் தெரியவேண்டும். எந்த மேட்டில் டவர் நிறுத்தினால் சிக்னல் மறைக்காது என்று செல்போன்காரர்கள் கேட்டார்கள். மலையைக் குடைந்த கல்குவாரி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, சதுப்பு நிலத்துக்குள் குப்பை எதுவரை வந்துவிட்டது என்றெல்லாம் ஆராய்ச்சி மாணவர்கள் கேட்டு வருவார்கள். எல்லோருக்கும் படம் ஒன்றுதான். எதைப் பார்ப்பது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

படத்தின் நிறங்கள் நாம் கண்ணால் காண்கிற நிறங்கள் அல்ல. உயிருள்ள செடிகொடியெல்லாம் சிவப்பாகத் தெரியும். தெளிந்த தண்ணீர் கறுப்பு. கலங்கிய தண்ணீர் வெளிர்நீலம். வீடுகள் சாம்பல். சேர்ந்த புதிதில் ஆபீஸ் விட்டு ரயிலில் வரும்போது, சானடோரியம் தாண்டியதும் தெரிகிற மரங்களைப் பார்த்து, இதெல்லாம் ரத்தச் சிவப்பாக இருக்கவேண்டுமே என்று ஒரு கணம் தோன்றும்.

தாம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் சேலையூர் போகவேண்டும். அங்கே ஒரு காலனியில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், அம்மா வீட்டோடு. பெண் கம்ப்யூட்டரில் ஏதோ மேப் போடுகிறாள், ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வேலை, ஆறு மணிக்குள் வீடு வந்துவிடுகிறாள் என்பதில் இருவருக்கும் திருப்தி. எங்கள் சார், அதாவது ஆபீஸ் முதலாளி, பெண்களைக் களத்துக்கு அனுப்பமாட்டார். நான் வரைந்த ஏரிகளில் ஒன்றின் கரையில்கூட நான் நின்றதில்லை.

களத்துக்குப் போக ஒருவர் இருந்தார். ஆபீஸில் எல்லோரும் அவரை "பீல்டு" என்றுதான் சொல்வோம். படத்தைப் பார்த்து நாங்கள் எழுதியது சரிதானா என்று அந்தந்த இடத்துக்கே போய்ச் சரிபார்ப்பது அவர் வேலை. கையில் ஜி.பி.எஸ். கருவி, தோளில் பை, ஒரு பழைய பைக். நாங்கள் சந்தேகப்படுகிற இடங்களுக்கெல்லாம் எண் போட்டு ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுப்போம். எண்ணுக்கு எதிரே அங்கே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொண்டுவருவார். கோவளத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவர். வாரநாட்களில் தாம்பரத்தில் நண்பர்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தார்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் அவரிடமிருந்து முதல் போன் வந்தது. அனகாபுத்தூருக்குப் பக்கத்தில், அடையாற்றை ஒட்டி, ஒரு குட்டை முழுவதும் பளீரென்ற சிவப்பாக இருந்தது. குட்டைக்குள் யாரோ விவசாயம் செய்கிறார்கள் என்று முடிவுகட்டி "பயிர்" என்று எழுதியிருந்தேன்.

"மேடம், புள்ளி ஒம்போதுல பயிர்னு போட்டுகினு கீறீங்க. இங்க பயிர் ஒண்ணும் இல்லீங்க."

"நல்ல சிவப்பா இருக்கே. வேற என்ன இருக்கு?"

"ஆகாயத்தாமரை. கரையில இருந்து கரைக்கு ஜமக்காளம் விரிச்சா மாதிரி கீது. அடியில தண்ணிதான். கல்லு போட்டுப் பாத்தேன், 'தொபுக்'னு உள்ள போச்சு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"உங்க மேல தப்பு இல்ல மேடம். மேல இருந்து பாத்தா செவப்புதான் தெரியும். இங்க வந்து பாத்தா பச்சை. பூ கூட பூத்து கீது, ஊதா கலர்ல. அது படத்துல தெரியாதில்ல?"

தெரியாது என்றேன். அன்று சாயங்காலம் அவர் கொண்டுவந்து கொடுத்த தாளில் ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே சின்னச் சின்ன எழுத்தில் இருந்தது: "ஆகாயத்தாமரை. ஊதாப் பூ. ஒரு எருமை நடுவில் கழுத்து மட்டும் தெரிய நிற்கிறது."

அந்தத் தாளில் எழுதவேண்டியது ஒரு வார்த்தைதான். நீர், பயிர், தரிசு, கட்டடம். மற்றவர்கள் கொடுத்த தாள்களில் அவரும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார். என் தாள்களில் மட்டும் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகும் ஏதாவது இருந்தது. "கருவேலங்காடு. நிழலில் இரண்டு பேர் சீட்டாடுகிறார்கள், ஒருவர் தோற்றுக்கொண்டிருக்கிறார்." "செங்கல் சூளை. சூடு ஆறவில்லை, கிட்டே போகமுடியவில்லை." "ஏரி. கரையில் அய்யனார் குதிரைக்குப் புதிதாக வண்ணம் அடித்திருக்கிறார்கள், கண் மட்டும் பாக்கி." கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அந்த முதல் வார்த்தையை மட்டும் ஏற்றுவேன். மீதியைத் தாளோடு என் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொள்வேன்.

மழைக்காலம் வந்ததும் வேலை தேங்கிவிடும். எங்களுக்குப் படம் தருகிற செயற்கைக்கோள் ஒரே இடத்துக்கு மேலே இருபத்து நாலு நாளைக்கு ஒரு முறைதான் வரும். அது வருகிற நாளில் மேகம் மூடியிருந்தால் படம் முழுக்கப் பஞ்சுப்பொதி. அடுத்த இருபத்து நாலு நாள் காத்திருக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஏரிகளெல்லாம் நிரம்பித் தளும்புகிற நேரம், எங்களுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. களத்துக்குக் கொடுத்தனுப்பத் தாளும் இல்லை. அந்த நாட்களில் அவர் வந்து பிரிண்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பழைய தாள்களை அடுக்குவார். ஒரே அறையில் இருக்கும்போது எங்களுக்குப் பேச வராது. "டீ சொல்லட்டுமா மேடம்?" என்பார். "சொல்லுங்க" என்பேன். போனில் அத்தனை பேசுகிற மனிதர், நேரில் நாலு வார்த்தை.

தை பிறந்து வானம் தெளிந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த இடங்களையும் சந்தேகம் என்று குறித்து அனுப்பத் தொடங்கினேன். பார்த்த மாத்திரத்தில் தெரியும், அது கோயில் குளம் என்று. அதற்கும் எண் போடுவேன். பல்லாவரத்துப் பக்கம் ஒரு மைதானம், குழந்தைக்குக்கூடத் தெரியும் அது மைதானமென்று. அதற்கும் எண் போட்டேன். ஒருநாள் சார் என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, முப்பத்தொண்ணாவது புள்ளி? கிரவுண்டுதானே? இதுக்கு எதுக்கு பெட்ரோல் போட்டு ஆள் அனுப்பணும்?"

"பக்கத்துல ஈரம் மாதிரி தெரியுது சார். ஒருவேளை தாங்கல், சின்ன ஏரி மாதிரி ஏதாவது இருக்குமோன்னு..."

சார் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பீல்டு அந்த மைதானத்துக்கும் போனார். தாள் வந்தது. "புள்ளி 31: மைதானம். உங்களுக்கே தெரியும். ஆனாலும் வந்தேன். ஓரத்தில் வேப்பமரம் பூத்திருக்கிறது." நான் அதை மூன்று முறை படித்தேன். தலை நிமிர்ந்தபோது அவர் ஜன்னலோரம் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது.

அந்த மாசியில் ஆபீஸுக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது. கடல் நீரின் சூட்டையும் நிறத்தையும் செயற்கைக்கோள் அளக்கும். குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கிற இடத்தில், நீர் சற்றுப் பச்சையாக இருக்கிற இடத்தில், மீனுக்கு இரை சேரும். இரை சேர்ந்த இடத்துக்கு மீன் வரும். அப்படிப்பட்ட இடங்களைக் குறித்து வரைபடம் வரும். அதைக் கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை, எவ்வளவு ஆழம் என்று தமிழில் மாற்றி, குப்பங்களில் பலகையில் ஒட்ட அனுப்பவேண்டும். மாற்றி எழுதுகிற வேலை எனக்கு வந்தது. ஒன்றிரண்டு வாரம் போனதும், இதை அங்கே யாராவது படிக்கிறார்களா, புரிகிறதா என்று விசாரித்து எழுதித்தரும்படி வேலை கொடுத்தவர்கள் கேட்டார்கள். எழுதியவள் நான், குப்பம் அவருடையது. சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு பேருமே போயிட்டு வந்துடுங்க. சாயங்காலத்துக்குள்ள திரும்பிடணும்" என்றார்.

வீட்டில் மீட்டிங் என்று சொன்னேன்.

தாம்பரத்தில் பஸ் ஏறி வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம். நான் முன்னால் பெண்கள் சீட்டில், அவர் பின்னால் நின்றுகொண்டு. வண்டலூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நான் வரைந்த ஏரிகள் வரத்தொடங்கின. மாம்பாக்கத்தில் ஒன்றைப் பார்த்ததும் ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டேன். அதன் கரையின் ஒவ்வொரு வளைவும் என் மணிக்கட்டுக்குத் தெரியும். ஆனால் அது இவ்வளவு பெரியது, அதன்மேல் காற்று இப்படி வரிவரியாக ஓடும் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தேன். கூட்டத்துக்கு மேலே தலையை நீட்டி அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். பார்த்தாயா என்பதுபோல.

கேளம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ. சுனாமி அலை வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குப்பத்தில் பாதிப் பேர் ரோட்டுக்கு இந்தப்பக்கம் கட்டிக்கொடுத்த புது வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். படகும் வலையும் மட்டும் பழைய இடத்தில், மணலில். ஏலம் விடுகிற கொட்டகைச் சுவரில் என் தாள் ஒட்டியிருந்தது. என் கையெழுத்தில் "வடகிழக்கு" என்று பார்த்தபோது பரீட்சைத் தாளைச் சுவரில் ஒட்டியது போலக் கூச்சமாக இருந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். மீட்டர் கணக்கில் ஆழம் எழுதினால் எங்களுக்கு எப்படி விளங்கும், பாகத்தில் எழுது என்றார்கள். இரண்டு கையையும் விரித்து நீட்டினால் ஒரு பாகம் என்று ஒருவர் எழுந்து நின்று காட்டினார். நீர் எந்தப்பக்கம் இழுக்கிறது என்பதையும் போட்டால் நல்லது என்றார். ஒருமுறை தாளைப் பார்த்துப் போனதாகவும் நல்ல மீன்பாடு கிடைத்ததாகவும் சொன்னவர், அதற்கடுத்த முறை போனபோது ஒன்றுமே இல்லை என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அவருடைய அம்மா கூடையோடு வந்தார். நல்ல உயரம், வெற்றிலைச் சிவப்பு ஏறிய வாய். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுதான் மேப்பு போடுதா?"

"ஆமாம்மா" என்றேன்.

"அலை வரசொல்ல ஒரு வார்த்த சொல்லாத சாட்லைட்டு, இப்போ மீனு எங்க கீதுன்னு மட்டும் சொல்லுதா?"

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. "யம்மா, அவங்க இன்னா பண்ணுவாங்க" என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

"நான் அத்த கேக்கல. சும்மா கேட்டேன்" என்றார் அந்த அம்மா. பிறகு சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "வா, வூட்டாண்ட வந்து ஒரு வாய் தண்ணி குடி. வெயில்ல வந்துகிற."

புது வீட்டு வாசற்படியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். மகன் சின்னவயதில் மணலில் விரலால் படகு வரைவான், இப்போது ஊரையே வரைகிறான் என்று சொன்னார். கிளம்பும்போது ஒரு பாலிதீன் பையில் நாலு சங்கரா மீனைப் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"காலைல வந்தது. அம்மாவாண்ட குடுத்துக் கொழம்பு வெக்கச் சொல்லு."

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. அது மகனுக்குத் தெரியும். பக்கத்தில் வந்து, "வேணாம்னா சொல்லிடுங்க. அம்மா தப்பா எடுத்துக்காது" என்றார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என்னால் வேண்டாம் என்று சொல்லமுடியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

தாம்பரம் வரும்வரை பையை மடியிலிருந்து தள்ளிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஜி.பி.எஸ். கருவியை ஆபீஸில் ஒப்படைக்கவேண்டும் என்று அவர் ரயிலுக்குப் போனார். போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு நடைமேம்பாலத்துக்குக் கீழே கீரை விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பையை நீட்டினேன்.

"இன்னா இது?"

"மீன். நீங்க எடுத்துக்கோங்க."

"கெட்டுப்போனதா?"

"இல்லம்மா, காலைல பிடிச்சது."

என்னைச் சந்தேகமாகப் பார்த்தபடியே பிரித்து, செவுளைத் தூக்கிப் பார்த்தார். நல்ல மீன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. ஸ்டேஷன் குழாயில் கையை நாலுமுறை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆனாலும் அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னடி வாடை? பஸ்ல பக்கத்துல மீன்காரி யாராவது உட்கார்ந்தாளா?"

"ஆமாம்மா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது. குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. என் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப்போய் மோர் கொடுத்த மனுஷியை நான் யாரோ ஒரு மீன்காரியாக்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஆபீஸ் படியிலேயே அவர் நின்றிருந்தார். "அம்மா போன் பண்ணிக் கேக்கச் சொல்லிச்சு. மீனு எப்படி இருந்திச்சாம்?"

இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, ஏன் அப்படிச் சொன்னேன் என்று. வீட்டில் சாப்பிடமாட்டோம், அதனால் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாத விஷயமா?

"ரொம்ப நல்லா இருந்தது. கொழம்பு வெச்சோம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "சரி மேடம். சொல்லிடறேன்" என்றார்.

அதற்கடுத்த தாள் வந்தது. புள்ளி 1: நீர். புள்ளி 2: தரிசு. புள்ளி 3: கட்டடம். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. வெயிலில் அலைந்து களைப்பாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வேண்டுமென்றே நல்ல இடங்களாகப் பார்த்துக் குறித்தேன். ஒரு மலையடிவாரம், ஒரு தென்னந்தோப்பு, ஓர் ஓடை ஏரியில் சேருகிற முனை. "பாறை. தோப்பு. நீர்." அவ்வளவுதான். போன் வந்தால் எண்களைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயம்.

இப்படியே ஏழெட்டு மாதம் போனது. ஒடிசா கடற்கரையில் அலையாத்திக் காடுகளைப் படம் பார்த்து அளந்து, எங்கே அழிந்திருக்கிறது, எங்கே நடவேண்டும் என்று சொல்கிற வேலை அவருக்குக் கிடைத்தது. சம்பளம் நல்ல சம்பளம். கடைசி நாள் ஆபீஸில் எல்லோருமாகக் காரா பூந்தியும் ஜாங்கிரியும் சாப்பிட்டோம். சாயங்காலம் ரயில் நிலையத்துக்கு நடந்தபோது பின்னாலேயே வந்தார். குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் அவருடைய பை.

"அன்னிக்கு நான் பாலத்து மேல நின்னுகினு இருந்தேன்" என்றார். "நீங்க கீரைக்கார அம்மாவாண்ட குடுக்கறத பாத்தேன்."

நான் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"குடுத்தது தப்பே இல்ல. உங்க வூட்ல எப்படின்னு எனக்குத் தெரியும். நல்லவங்க கையிலதான் குடுத்தீங்க. மறாநாள் வந்து கேட்டேன் பாருங்க, அப்போ என்னாண்ட பொய் சொன்னீங்களே, அதான் ஒரு மாதிரி பேஜாரா பூட்ச்சி."

"உங்க அம்மா வருத்தப்படுவாங்கன்னு..."

"அம்மாவ நான் சமாளிச்சிருப்பேன். என்னையும் அந்தப் பக்கம் தள்ளி நிக்க வெச்சிட்டீங்களேன்னு தோணிச்சு. உங்க வூட்ல இன்னா சொல்லணும்னு நீங்க யோசிக்கிறது வேற. எனக்கு இன்னா சொல்லணும்னு யோசிச்சீங்க பாருங்க..." முடிக்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் நான் சொன்ன பதிலை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அது இதைவிடப் பெரிய குற்றம். சொன்னால் பாரம் குறையும். ஆனால் அவருடைய அம்மாவைப் பற்றி நான் அப்படிச் சொன்னேன் என்பதை அவர் ஒடிசாவரை சுமந்துகொண்டு போகவேண்டுமா? "மன்னிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னேன். போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. போகாதே என்று சொன்னால் அடுத்து என்ன செய்வாய் என்று எனக்கே ஒரு பதில் இருக்கவேண்டும். அப்பாவின் முன்னால், அம்மாவின் முன்னால், அந்தக் காலனியின் முன்னால் நின்று சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததா? ரயில் வந்தது. எனக்குப் பெண்கள் பெட்டி, அவருக்குப் பொதுப்பெட்டி. தாம்பரத்தில் இறங்கிக் கூட்டத்தில் தேடினேன். காணவில்லை.

அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, "நீதான் ஒருதடவ போய்ட்டு வந்தியே, போறியா?" என்று சார் கேட்டார். வீட்டில் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினேன். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதன்பிறகு ஒன்றரை வருடம், மாடம்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், அகரம்தென் என்று கையில் ஜி.பி.எஸ்.ஸோடு அலைந்தேன். ஏரிக்கரையில் நின்று பார்க்கும்போது தண்ணீரைவிடத் தண்ணீரின் வாசனைதான் முதலில் வரும் என்று தெரிந்துகொண்டேன். நாணல் நடுவே உட்கார்ந்திருக்கும் நாரை நாம் நின்றால் பறக்காது, நடந்தால் பறக்கும். நானும் தாளில் ஒரு வார்த்தைக்குமேல் எழுதினேன். ஆபீஸில் என் பழைய நாற்காலியில் இப்போது புதிதாக வந்த பெண் இருந்தாள். "மேடம், 'நாரை பறக்கவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. இத எந்தக் கட்டத்துல ஏத்தறது?" என்று கேட்டாள். ஏற்றவேண்டாம் என்றேன்.

2009-ல் எனக்குக் கல்யாணம் நடந்தது. வீட்டில் பார்த்த வரன், மேடவாக்கத்தில் இருந்தார். நல்ல மனிதர். நான் வேலைக்குப் போவதில் அவருக்கு ஒரு பெருமை. கல்யாணமாகி ஆறேழு மாதத்தில் மனை வாங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தோம். ஒரு புரோக்கர் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு புது நகரைக் காட்டினார். செம்மண் கொட்டிச் சமப்படுத்தி, வெள்ளையடித்த கல் நட்டு, தெருக்களுக்குப் பூக்களின் பெயராக வைத்திருந்தார்கள். காற்று நன்றாக வந்தது. என் கணவருக்குப் பிடித்துவிட்டது.

நான் சுற்றிலும் பார்த்தேன். வடக்கே பனைமரங்களின் வரிசை லேசாக வளைந்து போனது. அந்த வளைவு எனக்குத் தெரியும். வரிசையோடு நடந்துபோய்ப் பார்த்தேன். மதகின் கற்கள் இரண்டு மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தன.

"இது ஏரி" என்றேன்.

"இன்னாமா சொல்றீங்க? எங்க கீது ஏரி? தண்ணி எங்க கீது, காட்டுங்க" என்றார் புரோக்கர்.

"நாம நிக்கற எடம். இந்தப் பனை வரைக்கும் கரை. நான் வரைஞ்சிருக்கேன்."

புரோக்கர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. என்னை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, "இது வேணாம்ப்பா" என்று அவரிடம் சொல்லிவிட்டார். புரோக்கரின் காரில் திரும்ப எங்களுக்கு மனசில்லை. மெயின் ரோடு வரை நடந்தோம். வழியில் கேட்டார்:

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது? இங்க வந்திருக்கியா?"

"இல்ல. நான் ஆபீஸ்லயே உட்கார்ந்து வரைஞ்சேன். என்கூட வேலை பார்த்த ஒருத்தர் வந்து பார்த்துட்டு, சரின்னு சொன்னார்."

"நல்லா வேலை பண்ணியிருக்கார்" என்றார் என் கணவர்.

ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சின்ன பிளாட் வாங்கினோம்.

அவர் ஒடிசாவிலேயே கல்யாணம் செய்துகொண்டார் என்று சாருக்கு யாரோ சொல்லி, சார் எனக்குச் சொன்னார். அங்கே அவர் நட்டு வளர்த்த அலையாத்திக் காடு கடற்கரையோரமாக நீண்டு கிடக்கிறதாம். இணையத்தில் இப்போது எல்லோரும் பார்க்கும்படி உலகம் முழுவதன் படமும் கிடைக்கிறது. நேரம் கிடைக்கும்போது அந்தக் கடற்கரையைத் திறந்து, ஒவ்வொரு முகத்துவாரமாக மெல்ல நகர்த்திப் பார்ப்பேன். எது அவர் நட்டது, எது தானாக முளைத்தது என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியவில்லை. அந்தச் சேற்றில் இறங்கி நடந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் சொல்வார்.